ஐந்நூற்று ஐந்து காணமும் ஆறு பெட்டி டைல்ஸும்

திண்டுக்கல் கடைவீதியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு வருஷம் உட்கார்ந்து பாருங்கள். தமிழனின் ஈகைக் குணத்தின் மேல் உங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிடும். மாசியில் கோட்டை மாரியம்மன் பூத்திருவிழாவுக்கு ஒரு ரசீதுப் புத்தகம். பங்குனியில் தெருமுனைக் காளியம்மனுக்கு ஒன்று. ஆடியில் கூழுக்கு, ஆவணியில் பிள்ளையாருக்கு, ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு, மார்கழியில் பஜனைக்கு. நடுநடுவே தேவாலயத் திருவிழா, சந்தனக்கூடு, கபடிப் போட்டி, தலைவர் பிறந்தநாள், தலைவர் நினைவுநாள், தலைவரின் தாயார் நினைவுநாள். "அண்ணாச்சி, போன வருசம் ஐந்நூத்தியொண்ணு எழுதியிருக்கீக. வெலவாசி ஏறிருச்சுல்ல, இந்தவாட்டி ஆயிரத்தியொண்ணாப் போட்டுக்கிருவோமா?" என்று கேட்டுக்கொண்டே, பதில் வருவதற்குள் எழுதியும் முடித்திருப்பார்கள். அண்ணாச்சியும் முனகிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். கொடுக்காத ஊர் இல்லை இது.

இத்தனை ரசீதுப் புத்தகங்களில், கடைவாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் தெரிகிற மலைக்கோட்டையின் பேரில் ஒன்றாவது உண்டா? கேட்டுப் பாருங்கள். "அது சென்ட்ரல் கவர்மெண்ட் சொத்துல்ல" என்பார்கள். பாறைக்குக் கீழே இருக்கிற மாரியம்மன் நம்ம சொத்து. பாறையும் அதன் மேல் இருக்கிற மதிலும் டெல்லிக்காரன் சொத்து. செலவுக்கு இந்தப் பாகப்பிரிவினை. பெருமைக்கு வேறு கணக்கு. மைக் பிடித்த எவரும் கோட்டையைத் தன் பாட்டன் கட்டியதாகத்தான் பேசுவார். 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பியது, திருமலை நாயக்கர் வலுப்படுத்தியது, 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து இறங்கித் தன் அரசியலைத் தொடங்கியது, 1790இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தது, 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து முறைப்படி அவர்கள் கைக்குப் போனது என்று வரிசையாக ஒப்பிப்பார். கைதட்டல் விழும். கைதட்டுவதற்குச் செலவில்லை.

கோட்டைக்கு ஊர்க்காரர்கள் எதுவுமே கொடுத்ததில்லை என்று சொன்னால் அது அபாண்டம். தங்கள் பெயர்களைக் கொடுத்திருக்கிறார்கள். மலையேறிப் போன காதலர்கள், கல்லூரி மாணவர்கள், குடும்பத்தோடு வந்த கண்ணியவான்கள் என்று சகலரும் ஆணியாலும் சாவியாலும் கரித்துண்டாலும் சுவரில் தங்கள் பெயரை உபயம் செய்திருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுவரில் இருக்கிற பெயர்களுக்கெல்லாம் அபராதம் வசூலித்தால் கோட்டையைப் பொன்தகடு வேய்ந்துவிடலாம். பூட்டுக்குப் பெயர்போன ஊரில், சாவியின் உபயோகம் இப்படி வளர்ந்திருக்கிறது.

ஆனால் இந்த ஆணிக் கிறுக்கல்காரர்கள் மேல் எனக்கு அத்தனை கோபம் இல்லை. அவர்கள் சில்லறை. மொத்த வியாபாரிகள் வேறு.

பழனிக்கு மேற்கே, கொழுமம் போகிற வழிப்பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் ஏறும். பாண்டவர் ஐவரும் வனவாசத்தில் இங்கே தங்கினார்கள் என்பது ஊர்க்கதை. தமிழ்நாட்டில் பாண்டவர் தங்காத பாறை எது என்று கேட்டுச் சண்டைக்குப் போகவேண்டாம், விடுங்கள். பாறையின் நெடிய விளிம்புக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் இருப்பவர்கள் பாண்டவர்கள் இல்லை, சமணத் தீர்த்தங்கரர்கள். அங்கே கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர், காளத்துச் சாந்திவீரக் குரவர் என்ற துறவி வெட்டுவித்தது. திருவயிரை என்று அன்று பெயர் பெற்றிருந்த இந்த மலையில் பார்சுவநாதர் படிமத்தையும் இயக்கியர் படிமங்களையும் அவர் புதுப்பித்தார். அவற்றுக்குத் தடைபடாத படையலுக்கும், அங்கிருக்கும் ஓர் அடிகளுக்குச் சோற்றுக்கும் ஏற்பாடு செய்தார். அதற்காக அவர் வைத்த பொன் ஐந்நூற்று ஐந்து காணம்.

இதை நிதானமாக வாசிக்கவேண்டும். அந்தத் துறவி புதிதாக ஒன்றும் கட்டவில்லை. தனக்கு முன்னால் யாரோ செதுக்கி, காலத்தில் சிதைந்துபோனதைச் சரிசெய்தார். சரிசெய்த கையோடு போய்விடாமல், பின்னால் தொடர்ந்து நடக்க முதலும் வைத்தார். யார் கொடுத்தது, யாருடைய மாணவன், எதற்கு, எவ்வளவு என்று எழுதினார். எப்போது என்பதையும் இரண்டு கணக்கில் எழுதினார்: வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று ஒன்று, சக ஆண்டு 792 என்று இன்னொன்று. இந்த இரண்டாவது கணக்குதான் பெரிய புண்ணியம். இரண்டையும் ஒட்டிப் பார்த்துத்தான் இரண்டாம் வரகுணன் 862இல் பட்டத்துக்கு வந்தான் என்று வரலாற்றாசிரியர்கள் உறுதி செய்தார்கள். இடைக்காலப் பாண்டியர் காலவரிசைக்கே அது முளைக்குச்சி. அரண்மனைச் சாசனம் தராத ஆண்டை ஒரு சாமியாரின் நன்கொடை ரசீது தந்தது. ஆயிரத்து நூற்றைம்பது வருஷம் கழித்தும் அவர் கணக்கு தணிக்கைக்கு நிற்கிறது. நம்ம திருவிழாக் கமிட்டிகளின் போன வருஷக் கணக்கை யாராவது கேட்டுத்தான் பாருங்களேன்.

அந்தக் காலத்துக் கொடையாளிக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவன் பாதம் என் தலைமேல் என்று கல்லிலேயே வெட்டிவிட்டுப் போவான். தனக்குப் பிறகு வரப்போகிற, முகம் தெரியாத ஒருவனின் காலை முன்கூட்டியே தலையில் தாங்கியவன் அவன். இன்றைய கொடையாளி தன் காலை எங்கே வைக்கிறார்? அந்தக் கல்லின் மேலேயே வைக்கிறார், டைல்ஸ் ஒட்டி.

திருப்பணி என்று அதற்குப் பெயர். ரியல் எஸ்டேட்டில் நாலு காசு பார்த்தவுடன் நம்ம வள்ளலுக்கு ஊர்க் கோயில் ஞாபகம் வரும். நாலைந்து நூற்றாண்டு பழைய கருங்கல் தளம் அவர் கண்ணுக்குக் கரடுமுரடாகப் படும். ஆறு பெட்டி டைல்ஸ் இறக்குவார். டைல்ஸுக்கு அடியில் அதிட்டானமும் குமுதமும், குமுதத்தில் ஓடுகிற எழுத்தும் போய்விடும். தூண்கள் கறுப்பாக இருக்கிறதே என்று ஆள் வைத்து மணல்வீச்சு. காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தால் கறுப்பும் போகும், கல்லின் மேல்தோலும் போகும், சிற்பத்தின் மூக்கு முனையும் போகும், கல்வெட்டின் நெடிலும் கொம்பும் போகும். பிறகு எனாமல் பெயிண்ட். கடைசியில், அழித்த எழுத்துக்கு ஈடாகப் புது எழுத்து: பளபளவென்ற கிரானைட் பலகையில், பொன்னிற மையில், குடும்பத்தார் அத்தனை பேருடைய பெயர், பட்டப்படிப்பு, வெளிநாட்டில் இருக்கிற மருமகனின் கம்பெனி உட்பட. பழைய கல்வெட்டு எத்தனை ஆடு, எத்தனை விளக்கு, எந்த நிலத்துக்கு எது எல்லை என்று சொன்னது. புதுக் கல்வெட்டு அலைபேசி எண் சொல்கிறது.

இது நான் வயிற்றெரிச்சலில் சொல்வது என்று நினைப்பவர்களுக்கு: 2017இல் யுனெஸ்கோ குழுவே தமிழகக் கோயில்களைப் பார்த்துவிட்டு, தகுதியுள்ள ஆட்கள் இல்லாமல் பழைய கட்டுமானங்களில் கைவைக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பு கொடுத்தது. தொன்மைச் சின்னங்களைக் காக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று 2012இலேயே நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். பன்னிரண்டு வருஷம். குறிஞ்சிப் பூவுக்கும் அதே கணக்குதான். குறிஞ்சி பூக்கிற வருஷம் கொடைக்கானல் சாலையில் கார் வரிசையாவது நிற்கும். இது பூத்தது யாருக்கும் தெரியவில்லை.

தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் தாயார் சன்னிதி முன்மண்டபத் தூண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். நரம்பும் நகக்கண்ணும் தெரியச் செதுக்கிய ஆளுயர உருவங்கள். தேய்பிறை அஷ்டமியன்று அங்கே கால்வைக்க இடமிருக்காது, ஆனால் கூட்டம் தூணுக்கு வந்ததில்லை. அங்கே சொர்ண ஆகர்ஷண பைரவர் இருக்கிறார். அவர் பணம் கொடுப்பார். தூண் கொடுக்காது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. நம்ம பக்கத்தில் கொடை என்று நடப்பதில் முக்கால்வாசி மொய். காதுகுத்துக்கு நீ ஐயாயிரம் செய்தால் உன் பெண் சடங்குக்கு நான் ஆறாயிரம் செய்வேன். நோட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். சாமிக்குச் செய்வதும் அதே நோட்டில்தான் ஏறுகிறது: அவர் வட்டியோடு திருப்பிச் செய்வார் என்ற நம்பிக்கை. ஆனால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் குழிக்குள் போனவன் திருப்பிச் செய்யமாட்டான். அவன் வீட்டு விசேஷம் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு மொய் எழுதுவது நஷ்டக் கணக்கு.

அப்படிக் குழிக்குள் போன ஒருவர் பொருந்தலில் இருந்தார். பொருந்தல் என்றால் நம்மவர்களுக்கு அணைதான் ஞாபகம் வரும். பழனிக்குத் தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் இருக்கிற அந்தக் கிராமத்தில் 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றில் நாலுகால் ஜாடி. ஜாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல். செத்துப்போனவருக்குப் பசிக்கும் என்று உறவுக்காரர்கள் வைத்து அனுப்பியது. கூடவே பானை வைக்கிற பிரிமனை ஒன்று. அதில் 'வய்ர' என்று தமிழ் பிராமி எழுத்து. நெல்லில் ஒரு பங்கை அமெரிக்காவில் இருக்கிற பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த விடை: கி.மு. 490.

தமிழ் எழுத்து அசோகனிடமிருந்து கடன் வாங்கியது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அசோகனுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்னால், பழனிக்குப் பக்கத்தில் ஒருத்தர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று இரண்டு கிலோ நெல் சொன்னது. உலகம் சும்மா இருக்குமா? ஒரு மாதிரியை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா, இன்னும் பல மாதிரிகளின் காலம் தெரியட்டும் என்று தமிழ் எழுத்தியலில் பழுத்த அறிஞர்களே சொன்னார்கள். நியாயமான பேச்சு. அறிவியல் அப்படித்தான் கேட்கும். இரண்டாவது மாதிரி கி.மு. 450 என்று வந்தது. அடுத்தது? அதற்கடுத்தது?

ஒரு மாதிரியைச் சோதிக்க ஆகிற செலவு சில நூறு டாலர். நம்ம ரூபாயில் ஐம்பதாயிரம் சொச்சம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு முகூர்த்த நாளில் ஐம்பதாயிரம் என்ன ஆகிறது என்று சொல்லவேண்டுமா? காதுகுத்துக்கு வைக்கிற பிளக்ஸ் போர்டுகளில் மாமன்மார் வரிசைக்கே அது போதாது. தாய்மாமன் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருப்பார், அப்பத்தா ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவார், குழந்தை எங்கோ ஓரத்தில் அழுதுகொண்டிருக்கும். மூன்றாம் நாள் அந்த போர்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போகும். தமிழன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக எப்போது ஆனான் என்ற கேள்வியோ, ஒற்றை நெல்மணியைக் கையில் வைத்துக்கொண்டு காசுக்கு நிற்கும். அதே போர்டில் வீச்சரிவாளுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள்: உலகின் மூத்த குடி.

மூத்த குடியாம்! மூத்தவர்களை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதற்குத் திண்ணைகளே சாட்சி. அதை விடுங்கள்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு அரசாங்கம் இருக்கிறது, இரண்டும் இரண்டு விதம்.

சென்னை அரசாங்கத்துக்குத் தொன்மை பிடிக்கும், அதை மறுக்கமுடியாது. கீழடியில் 2023இல் 18 கோடிக்கு மேல் செலவழித்து அருங்காட்சியகம் கட்டியது, பார்க்கத் தகுந்தது. 2025 ஜனவரியில் சிந்துவெளி எழுத்தைப் படித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்றைய விலைக்கு எட்டரைக் கோடி ரூபாய். இரண்டு மாதம் கழித்து வந்த பட்ஜெட்டில் மாநிலம் முழுக்க எட்டு இடங்களில் நடக்கிற அகழாய்வுக்கு ஒதுக்கியது 7 கோடி. அதாவது, புதிரை அவிழ்ப்பவருக்கு எட்டரை. புதிரைத் தோண்டி எடுப்பவர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து ஏழு. அந்த எட்டு இடங்களில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. பொருந்தலைத் தந்த மாவட்டம் இது. அடுத்த வாய்ப்புக்கு வரிசையில் நிற்கட்டும், டோக்கன் தருவார்கள்.

டெல்லி அரசாங்கத்தின் தொல்லியல் துறை இன்னும் விசேஷம். தன் செலவில் அகழாய்வுக்கும் ஆய்வுக்கும் ஒரு சதவீதம்கூடப் போகவில்லை என்று 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சொன்னார். 2022இல் திரும்பி வந்து பார்த்துவிட்டு அதையே திரும்பச் சொன்னார். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 92ஐக் காணவில்லை என்றதும் அதே 2013 அறிக்கைதான். ஆட்டைத் தொலைத்தவன் உண்டு, மாட்டைத் தொலைத்தவன் உண்டு. கல்லறையையும் கோயிலையும் தொலைத்த துறை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 3,693 சின்னங்களில் 248இல் மட்டுமே காவலாளி என்று நாடாளுமன்றக் குழு கண்டது. சரி, ஆள் போடுவார்களா? போட்டது திட்டம். 2017இல் 'பாரம்பரியத்தைத் தத்தெடுங்கள்' என்று தனியார் கம்பெனிகளுக்கு அழைப்பு வந்தது. 2018இல் டால்மியா பாரத் குழுமம் ஐந்து வருஷத்துக்கு 25 கோடி என்று டெல்லி செங்கோட்டையை எடுத்துக்கொண்டது. எதற்கு அந்தப் பணம்? கழிப்பறை, குடிநீர், விளக்கு, வழிகாட்டிப் பலகை, சிற்றுண்டி. கல்லைத் தொடுகிற வேலை துறையிடமே இருக்கும். விரிசல் விட்ட சுவருக்குத் தத்துப்பிள்ளை கிடையாது. அதன் முன்னால் செல்ஃபி எடுக்கும் இடத்துக்கு உண்டு. கம்பெனிச் சட்டம் 2013இன் ஏழாம் அட்டவணையில், சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கவேண்டிய லாபத்தில் பாரம்பரியச் சின்னங்களுக்கும் செலவழிக்கலாம் என்று வரி இருக்கிறது. நன்கொடைக்கு முழு வரிவிலக்கோடு தேசியப் பண்பாட்டு நிதியம் என்ற அமைப்பு 1996இலிருந்தே இருக்கிறது. எந்தச் சின்னத்துக்கு என்று கொடுப்பவரே சொல்லலாம். நூற்பாலைகளும் தோல் தொழிற்சாலைகளும் நிறைந்த நம்ம ஊர் முதலாளிகளுக்கு ஆடிட்டர் இல்லையா, ஆடிட்டருக்கு அந்த வரி தெரியாதா? எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுத்தால் பெஞ்சின் முதுகில் பெயர் எழுதலாம் என்பதும் தெரியும்.

பணம் இருந்தால் மட்டும் போதுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை கீழடியில் இருக்கிறது. 2014இல் தொடங்கிய மத்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, சுவரும் வாய்க்காலும் கிணறும் கண்டபிறகு 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் கிடப்பில் வைத்திருந்து, 2025 மே மாதத்தில் திருத்தி எழுதிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். மறுத்தார். மறுபடியும் இடமாற்றம். பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்குச் சரியாக இருந்தால் சரி போடுவார்கள். விடை பிடிக்கவில்லை என்றால் மாணவனை வேறு பள்ளிக்கு அனுப்புவது அரசாங்கத்தில்தான் நடக்கும். இப்படி நடத்துகிறவர்களை நம்பி எவன் காசு கொடுப்பான் என்று நம்ம வள்ளல் கேட்டால், அது ஒன்றுதான் அவர் கேட்கிற நியாயமான கேள்வி. ஆனால் அவர் கேட்பதில்லை. கேட்டால் டெண்டர் போய்விடும்.

கொடுக்கிற குணமே நம் தேசத்தில் இந்தத் துறைக்கு வந்ததில்லை என்று யாரும் சமாதானம் சொல்லவேண்டாம். ஜம்ஷெட்ஜியின் மகன் சர் ரத்தன் டாட்டா, வருஷத்துக்கு 20,000 ரூபாய் தருகிறேன், பாடலிபுத்திரத்தைத் தோண்டுங்கள் என்று வெள்ளைக்கார அரசாங்கத்திடம் சொன்னார். 1913இல் ஸ்பூனர் என்ற அதிகாரி வேலையைத் தொடங்கினார். மௌரியர் காலத்துத் தூண் மண்டபம் வெளியே வந்தது. டாட்டாவுக்கு மௌரியன் மாமனா மச்சானா? பாட்னாவில் அவருக்குத் தேர்தலா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டபோது உலகத் தமிழர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், தமிழக அரசும் 10 கோடி கொடுத்தது. 2018இல் இலக்கை எட்டினார்கள். கொடுத்தவர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இருக்கைக்குக் கிடைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு, இருக்கையில் உட்காருபவர் ஆராயவேண்டிய பானை ஓட்டுக்குக் கிடைக்கவில்லை. பானை ஓடு பட்டமளிப்பு விழாவுக்கு அழைக்காது.

காசே இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பக்கத்து மதுரை மாவட்டத்தில், தமிழ் பிராமி எழுத்தும் சமணச் சிற்பமும் குடைவரையும் உள்ள அரிட்டாபட்டியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் யாரும் ரசீது அடிக்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்து. நெல் விளைகிற நிலத்தோடு கல்வெட்டையும் சேர்த்து இது எங்களுடையது என்று சொன்ன அவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும்? தெரியவேண்டிய அவசியம் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்போது பட்டிமன்றத்தில் இருந்தார்கள்.

நம் சமவெளியிலும் மேடுகள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் நத்தமேடு, பானை ஓடு கிடக்கிற பொட்டல். உழுதால் கறுப்பு சிவப்பு ஓடு வரும். செங்கல் சூளைக்கு மண் வேண்டும், வீட்டுமனைக்குச் சமதளம் வேண்டும். பொக்லைன் ஒரே இரவில் ஆயிரம் வருஷத்தை டிப்பரில் ஏற்றிவிடும். மனைப்பிரிவுக்குப் பெயர் மட்டும் சங்ககாலத்தில் வைப்பார்கள்: பாரி நகர், ஓரி அவென்யூ. வள்ளல்கள் பெயரில் இன்னும் நமக்கு மரியாதை குறையவில்லை.

சரி, திட்டினால் காசு வராது. வள்ளல்களின் வழிக்கே வருகிறேன். தொல்லியலில் ரிப்பன் வெட்ட வாய்ப்பில்லை என்பதுதானே குறை? ஏற்படுத்திக் கொடுப்போம். அகழாய்வுக் குழிக்கு நாலு பக்கமும் வரப்பு விடுவார்கள். நாலு வரப்பிலும் நாலு மாப்பிள்ளைமார் பெயர் எழுதிக்கொள்ளட்டும். மண்ணடுக்குக்கு ஏற்ப விலை வைப்போம்: நாயக்கர் காலம் வரை சாதா, பாண்டியர் அடுக்கு ஸ்பெஷல், அதற்குக் கீழே போனால் ஏசி வகுப்புக் கட்டணம். முதுமக்கள் தாழி திறக்கும் விழாவுக்கு மாவட்டச் செயலாளர் தலைமை, எலும்புக்கூட்டுக்குப் பொன்னாடை. எலும்புக்கூடு பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்கு மடித்துக் கொடுக்காது என்பது ஒன்றுதான் மரபு மீறல்.

வேடிக்கை போகட்டும். உண்மையில் ஆகிற செலவு இவ்வளவுதான்: கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கக் காகிதமும் மையும், எடுக்கத் தெரிந்த ஆளின் கூலியும். மேட்டைச் சுற்றி முள்வேலி. பானை ஓட்டை ஒவ்வொன்றாகக் கழுவி, எண் எழுதி, படம் வரைகிற மாணவனுக்குச் சாப்பாடும் மாதச் சம்பளமும். கரித்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புகிற கட்டணம். முடிவில் அறிக்கை அச்சடிக்கிற செலவு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுகிற ஆட்டோக் காசு. திண்டுக்கல்லில் ஒரு பெரிய பிரியாணிக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில், ஒரு மேட்டின் ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் நம்ம வள்ளல் எப்படிக் கேட்பார் என்பது எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. பொறுமையாகத்தான் கேட்பார். காபி சொல்வார். செக் புத்தகத்தைக்கூட எடுத்து மேசைமேல் வைப்பார். பிறகு கேட்பார்:

"எல்லாஞ் சரிண்ணே. நம்ம பேரு எங்கன வரும்?"

"அறிக்கையில வரும்ங்க. பின்னால ஒரு பக்கத்துல, அடிக்குறிப்புல போடுவாங்க."

"அடிக்குறிப்பா?" பேனாவைத் திறந்துகொண்டே யோசிப்பார். "எத்தன அடி வரும்ணே, பத்துக்கு எட்டா?"